மதுவாலை முற்றத்தில் ஓர் அற ஓட்டம்



ஓடுவது மார்க்கத்தில் கூடுமா என்று உங்களிடம் ஒருவர் கேட்டால் சிரித்துவிடுவீர்கள். பசித்தோருக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவது கூடுமா என்று கேட்டால், இதையும் ஒரு கேள்வியென்று கேட்க வந்தீரே எனக் கடிந்துகொள்வீர்கள். சரி, பசித்தோருக்கு உணவளிப்பதற்காக ஓர் ஊரின் மக்கள் ஒன்றுகூடி ஓடுகிறார்கள். அந்த ஓட்டம் ஒரு பீர் ஆலையின் வாசலில் தொடங்கி, அதே வாசலில் முடிகிறது. ஆலைக்காரர்களே அதை வரவேற்று நடத்துகிறார்கள். ஓடி முடித்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பை தரப்படுகிறது. இப்போது சொல்லுங்கள், கூடுமா?

இந்தக் கேள்வி சென்ற ஆண்டு கோடையில் என் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவன் இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாவில் என்னிடம் ஓதிய மாணவன். இன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாப்பொலிஸ் நகரில் கணினித் துறையில் பணிபுரிகிறான். மனைவியும் பத்து வயது மகனும் உடனிருக்கிறார்கள். இவனுடைய உம்மா எங்கள் தெருவில்தான் வசிக்கிறார். பெருநாளைக்குப் பெருநாள் ஸலாம் சொல்லி இரண்டு வரி எழுதுகிறவன், இம்முறை இரண்டு பக்க அளவுக்கு எழுதியிருந்தான். அப்போதே இது வெறும் நலம் விசாரிப்பு அன்று எனப் புரிந்துகொண்டேன்.

அவன் எழுதியதன் சாரம் இது. அவனுடைய அலுவலகப் பிரிவினர் ஆண்டுதோறும் இத்தகைய ஓட்டம் ஒன்றில் குழுவாகக் கலந்துகொள்கிறார்கள். சேரும் பணத்தில் ஒரு பகுதி, வறியவர்களுக்கு இலவசமாக மளிகைப் பொருள் வழங்கும் உணவுக் கூடம் ஒன்றுக்குப் போகிறது. முதலாண்டு ஊருக்கு வருவதாகச் சொல்லித் தப்பித்தான். இரண்டாம் ஆண்டு உடல்நலம் சரியில்லை என்றான். இம்முறை அவனே அப்பிரிவின் பொறுப்பாளன். "உஸ்தாத், நான் குடிக்கப்போவதில்லை, ஓடத்தானே போகிறேன்? நான் மறுத்தால், ஏழைகளுக்கு உணவளிப்பதை மறுத்தவனாக மாட்டேனா? எனக்குத் தொழுகைக்கென்று தனி அறையே ஒதுக்கித் தந்த மேலாளர் அம்மாவிடம், உங்கள் விருந்துக்கு வரமாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? மகன் வேறு, அப்பா நாமும் ஓடலாம் என்று தினமும் கேட்கிறான்."

வாசகர்களே, நான் முஃப்தி அல்லன். கலைக் கல்லூரியில் வரலாறு பயின்றுவிட்டு, பின்னர் மார்க்கக் கல்வியின் பக்கம் வந்தவன். ஃபத்வா வழங்கும் தகுதி எனக்கில்லை என்பதை அவனுக்கு முதல் வரியிலேயே எழுதினேன். ஆயினும் ஒரு மாணவன் தன் ஆசிரியனிடம் மனம் திறந்து கேட்கும்போது, 'தகுதியானவரிடம் கேள்' என்று சொல்லிக் கதவை அடைத்துவிடுவது பண்பாகாது. ஆகவே விசாரித்தேன், படித்தேன், யோசித்தேன். அந்த யோசனையைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்த ஓட்டம் எத்தகையது என்று தெரிந்துகொள்வோம். பீர் ஆலை என்றதும் நம் கண்முன் வருவது உயர்ந்த மதில்களும், புகைபோக்கியும், லாரிகளும்தான். மினசோட்டாவில் அப்படியில்லை. அங்கே சிறு சிறு ஆலைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. 2011-ஆம் ஆண்டு அம்மாநிலச் சட்டம் ஒன்று, ஆலைகள் தாம் வடித்த பீரைத் தம் இடத்திலேயே கோப்பையில் ஊற்றி விற்க வழிசெய்தது. அதன்பின் ஆலையோடு ஒட்டிய அருந்தகங்கள் பெருகின. நீண்ட மேசைகள், குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருட்கள், வாசலில் உணவு வண்டி, முற்றத்தில் நாயைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள்! நம் ஊர்களில் டீக்கடைத் திண்ணையும் பள்ளிவாசல் முற்றமும் ஆற்றும் பணியை, அங்கே இந்த அருந்தகங்கள் ஆற்றத் தொடங்கிவிட்டன. 2012-இல் அதே மாநிலத்தில் 'புரூவரி ரன்னிங் சீரிஸ்' என்ற பெயரில் ஆலைக்கு ஆலை ஓட்டங்கள் தொடங்கி, பிற மாநிலங்களுக்கும் பரவின. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தூரம். வெற்றி தோல்வி யாருக்கும் பெரிதில்லை. முதியவர் நடக்கலாம், தாய் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடலாம். நுழைவுக் கட்டணத்துக்குள்ளேயே முடிவில் கிடைக்கும் ஒரு கோப்பை பானமும் அடக்கம். வருவாயில் ஒரு பகுதி உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்குச் செல்கிறது.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தூரத்திலிருந்து பார்த்து, 'குடிகாரர் கூட்டம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அங்கே கூடுகிறவர்களில் பெரும்பாலோர் அண்டை வீட்டாரின் பசியைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதர்கள். நம் மாணவனுக்குத் தொழுகை அறை ஒதுக்கித் தந்த அந்த அம்மையாரும் அவர்களில் ஒருவர்தான்.

வரலாறு படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அமெரிக்க நாடு முழுவதற்கும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது என்பதை அறிவீர்கள். அந்த மதுவிலக்கை நடைமுறைப்படுத்த 1919-இல் இயற்றப்பட்ட சட்டத்துக்கு வோல்ஸ்டெட் சட்டம் என்று பெயர். அந்தப் பெயருக்குரிய ஆண்ட்ரூ வோல்ஸ்டெட் எந்த மாநிலத்தின் பிரதிநிதி தெரியுமா? இதே மினசோட்டாவின் பிரதிநிதிதான்! மதுவை ஒழிக்கப் புறப்பட்ட மாநிலம், ஒரு நூற்றாண்டு கழிந்ததும் மதுவாலை முற்றத்தில் தர்மம் திரட்டுகிறது. காலம் செய்யும் விசித்திரங்களுக்கு எல்லையில்லை.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம்.

எங்கள் மதரஸாவில் மூத்த ஆலிம் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஹராமான இடம், போகக்கூடாது, முடிந்தது" என்றார். பட்டம் பெற்று வந்த இளைய ஆலிம் ஒருவரிடம் சொன்னேன். "அவர் குடிக்கவில்லையே, ஓட்டம் முபாஹ்தானே, ஓடிவிட்டு வரட்டும்" என்றார். இருவருமே என் மதிப்புக்குரியவர்கள். எனினும் இருவருடைய விடையும் என் மாணவனுடைய கேள்வியைவிடக் குட்டையாக எனக்குத் தோன்றியது. அவன் 'குடிக்கலாமா' என்று கேட்கவில்லை. ஏழைக்குப் போய்ச் சேரும் ஒரு நன்மையிலிருந்து விலகி நிற்கலாமா என்று கேட்கிறான்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை எந்தத் தயக்கமும் தேவையில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓடியதும், முதல்முறை அன்னையார் முந்தியதும், பின்னொரு காலத்தில் நபியவர்கள் முந்தி, அது இதற்கு ஈடாயிற்று என்று நகைச்சுவையாகச் சொன்னதும் அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளன. ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் மதீனா திரும்பும் வழியில் ஓர் அன்சாரித் தோழரோடு பந்தயம் ஓடி வென்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. (நம் பெண்பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் ஓடினாலே அதட்டுகிற பெரியவர்கள் முதல் ஹதீஸைச் சற்று நின்று படிப்பது நலம். அது வேறு கதை.) ஓடுகிறவர்கள் எல்லோரும் பணம் போட்டு, வென்றவர் அதை அள்ளிக்கொள்வதாக இருந்தால் அது சூதாகிவிடும். இந்த ஓட்டத்தில் அந்தச் சிக்கலும் இல்லை.

தர்மத்தைப் பொறுத்தவரை? இங்கேதான் நான் நெடுநேரம் நின்றேன்.

மதுவையும் சூதையும் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம் பேசும் முறையைக் கவனியுங்கள். அவற்றில் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதைத் திருமறை மறுக்கவில்லை. இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகே, தீமை பயனைவிடப் பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. சூதில் என்ன பயன் என்று சிறுவயதில் நான் வியந்ததுண்டு. விரிவுரை நூல்களைப் புரட்டியபோது விடை கிடைத்தது. அறியாமைக் காலத்து அரபுகளிடம் 'மைஸிர்' என்றொரு வழக்கம் இருந்தது. குளிர்காலத்தில், வறட்சி வாட்டும் நாட்களில், வசதி படைத்தோர் ஓர் ஒட்டகத்தை வாங்கி அறுத்துப் பங்கிடுவார்கள். பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. வெறும் அம்பு யாருக்கு விழுந்ததோ அவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள்! அதைப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். ஆட்டத்தில் சேராமல் விலகி நிற்பவன் கஞ்சன் என்று இகழப்படுவான்.

வாசகர்களே, இதைப் படித்ததும் எனக்கு என் மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது. ஏழைக்கு உணவு, ஊர் கூடும் மகிழ்ச்சி, விலகி நின்றால் கருமி என்ற பழி. மக்கா வணிகரின் குளிர்கால ஆட்டத்துக்கும் மினியாப்பொலிஸ் நகரின் கோடை ஓட்டத்துக்கும் இடையே ஆயிரத்து நானூறு ஆண்டுகள் உண்டு. ஆனால் கேள்வி ஒன்றுதான். நல்ல காரியத்தை அறியாத மக்களிடம் திருமறை பேசவில்லை. நல்ல காரியம் அதில் இருந்தது. இறைச்சி உண்மையாகவே ஏழையின் பானைக்குப் போனது. அதை அறிந்த நிலையிலேயே அந்த வாசல் அடைக்கப்பட்டது. ஏழையின் பங்கோ அடைக்கப்படவில்லை. அது ஜகாத்தாகவும் ஸதகாவாகவும் வேறு வாசல் வழியே, அதைவிடத் தாராளமாக வந்தது.

மதுவின் கொடைக்கும் இவ்வாறே நீண்ட வரலாறு உண்டு. டென்மார்க் நாட்டின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையை நிறுவிய ஜேக்கப்சன் 1876-இல் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தி அறிவியல் ஆய்வுக்குப் பொருளுதவி செய்தார். புளிப்புத்தன்மையை அளக்க இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் 'பிஎச்' அளவுமுறை, 1909-இல் அந்த ஆலையின் ஆய்வுக்கூடத்தில்தான் பிறந்தது. பயன் இல்லை என்று யார் சொன்னார்கள்?

ஆனால் மறுதட்டையும் நோக்க வேண்டுமல்லவா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் மட்டும் மதுவின் காரணமாக இறந்தவர்கள் ஏறத்தாழ 26 இலட்சம் பேர். மதுபானம் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. மது உண்டாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயும் அடக்கம். அந்நோயாளிகளுக்கு நிதி திரட்ட ஒரு மதுவாலையின் முற்றத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை காயப்படுத்த, மறு கை கட்டுப்போடுகிறது. இதைச் சொல்வதற்கு முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்து, என் மாணவன் பொருட்படுத்தாமல் விட்ட ஒரு நுட்பம். 'நான் குடிக்கப்போவதில்லை' என்கிறான். மதுவோடு தொடர்புடைய பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸில், குடிப்பவர் அவர்களில் ஒருவரே. பிழிபவர், பிழியச் செய்பவர், சுமப்பவர், யாரிடம் சுமந்து செல்லப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், வாங்குபவர் என்று அது நீள்கிறது. நுழைவுக் கட்டணத்தில் கோப்பையின் விலை அடக்கமென்றால், அவன் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கு பீருக்கான விலை. சீட்டைக் கிழித்தெறியலாம் என்பான். ஆனால் நடப்பது என்ன? "உனக்கு வேண்டாமா? எனக்குக் கொடு" என்று பக்கத்தில் நிற்கும் நண்பர் கேட்பார். நட்பின் பேரில் கொடுத்துவிடுவான். வாங்கியவனும் அவனே, ஊற்றிக் கொடுத்தவனும் அவனே என்றாகிவிடும். சீட்டுக்குப் பதிலாகச் சோடா வாங்கிக்கொள்ளலாமே என்றால், அது கணக்கை ஓரளவு தூய்மையாக்கும், இடத்தை மாற்றாது. மது பரிமாறப்படும் விருந்தில் அமர வேண்டாம் என்ற நபிமொழி, கோப்பையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து அல்ல, மேசையைப் பார்த்துப் பேசுகிறது.

'ஆல்கஹால் நீக்கிய பீர் தருகிறார்களே' என்றும் அவன் ஒரு வரி எழுதியிருந்தான். 2009-ஆம் ஆண்டு மியூனிக் மாரத்தானில் ஓடிய 277 ஆடவரைக் கொண்டு, இத்தகைய பானத்தை முன்னிட்டு ஓர் ஆய்வே நடந்திருக்கிறது. அதை அருந்தியவர்களுக்கு ஓட்டத்துக்குப் பின் உடலில் அழற்சியும் சளித்தொல்லையும் குறைவு என்று கண்டார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. ஆனால் நன்மை தந்தது அதிலுள்ள தாவரச் சத்துகள். நம் வீட்டுப் பெண்கள் நோன்புக் கஞ்சி காய்ச்சும் ஊரிலிருந்து போனவனுக்குத் தானியத்தின் அருமையை ஒரு பீர் ஆலைதானா சொல்லித்தர வேண்டும்? தவிரவும், ஜெர்மனியில் 'ஆல்கஹால் இல்லாதது' என்ற பெயரோடு அரை விழுக்காடு வரை இருக்க இடமுண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதே என்று மட்டும் எழுதினேன்.

இவ்வளவும் எழுதியபின், மறுப்பது எப்படி என்ற கேள்வி எஞ்சியது. என் கருத்தில் அதுவே கடினமான பகுதி. மறுக்கத் தெரியாமல் மறுத்து, மார்க்கத்துக்கே கெட்ட பெயர் தேடித் தந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

அதே மினியாப்பொலிஸ் நகரின் விமான நிலையத்தில் வாடகைக் கார் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோமாலிய முஸ்லிம்கள். பயணிகளின் கையில் மதுப்புட்டி இருப்பது தெரிந்தால் அவர்களில் சிலர் ஏற்ற மறுத்தனர். இரவு நேரத்தில் பெட்டியோடு நின்ற பயணிகள் முறையிட்டனர். 2007-இல் விமான நிலைய ஆணையம், ஏற்ற மறுப்போரின் உரிமத்தை இடைநிறுத்தம் செய்ய முடிவெடுத்தது. ஓட்டுநர்கள் நீதிமன்றம் சென்றனர், 2008-இல் தோற்றனர். அவர்களுடைய ஈமானை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் முன்பின் அறியாத பயணியின் மூடிய பெட்டியை விசாரிக்கும் கடமை ஓட்டுநருக்கு உண்டா என்பதில் உலமாக்களிடையேயே ஒருமித்த கருத்து இல்லை. அவர்கள் மறுத்தது தம் கடமையை. என் மாணவன் மறுக்க நினைப்பதோ ஓர் அழைப்பை. இரண்டும் ஒன்றல்ல. அந்த நகரம் நமக்குப் பகையான நகரமும் அன்று. 2023 ஏப்ரலில் அதே நகராட்சி, ஐவேளை பாங்கையும் ஆண்டு முழுவதும் ஒலிபெருக்கியில் சொல்ல அனுமதி அளித்தது. அமெரிக்காவின் பெருநகரங்களுள் இதைச் செய்த முதல் நகரம் அதுவே.

நயமாக மறுத்தவர்களும் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க மட்டையாளர் ஹாஷிம் ஆம்லாவை நம் பிள்ளைகள் அறிவார்கள். அவருடைய அணிக்குப் புரவலராக இருந்தது ஒரு பீர் நிறுவனம். அணியினர் அனைவரின் சட்டையிலும் அதன் சின்னம். ஆம்லாவின் சட்டையில் மட்டும் இராது. அதற்காக அவர் அணியை விட்டு விலகவில்லை; சின்னம் அணிந்தவர்களை ஏசவும் இல்லை. 2013-இல் ஆஸ்திரேலிய அணிக்கு ஆடிய ஃபவாத் அஹ்மதும் அவ்வாறே பீர்ச் சின்னமின்றி ஆட அனுமதி பெற்றார். 2022 ஜனவரியில் ஆஷஸ் தொடரை வென்ற ஆஸ்திரேலியர் மேடையில் மதுவைப் பீய்ச்சிக் கொண்டாடத் தொடங்கியபோது, உஸ்மான் குவாஜா ஒதுங்கி நின்றார். அதைக் கண்ட அணித்தலைவர் பேட் கம்மின்ஸ் புட்டிகளைக் கீழே வைக்கும்படி தோழர்களிடம் கூறி, குவாஜாவை மேடைக்கு அழைத்துக்கொண்டார். குவாஜா அங்கே ஒரு சொற்பொழிவும் ஆற்றவில்லை. ஒதுங்கி நின்றார், அவ்வளவுதான். நல்ல தோழனுக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்னொருவரைப் பற்றியும் அவனுக்கு எழுதினேன். முஸ்லிம் அல்லர், கனடா நாட்டுக் கிறித்தவ இளைஞர். டெர்ரி ஃபாக்ஸ் என்று பெயர். எலும்புப் புற்றுநோயால் 1977-இல் பதினெட்டு வயதில் வலக்காலை முழங்காலுக்கு மேல் இழந்தார். 1980 ஏப்ரல் 12 அன்று, செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டுவது நோக்கம். 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். தண்டர் பே நகரை நெருங்கியபோது நோய் நுரையீரலைத் தொட்டுவிட்டது தெரிந்தது, ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28 அன்று, இருபத்து மூன்று வயது நிறைவதற்குள் காலமானார்.

அவர் ஓடிய நாட்களில் வண்டியும் எரிபொருளும் காலணியும் சில நிறுவனங்கள் உதவியாகத் தந்ததுண்டு; பெற்றுக்கொண்டார். ஆனால் எங்கள் பொருளைப் புகழ்ந்து பேசுங்கள் என்று நிபந்தனை வைத்தவர்களைத் திருப்பி அனுப்பினார். அவர் பெயரால் 1981 செப்டம்பரில் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று இலட்சம் பேர் கலந்துகொண்டு 35 இலட்சம் டாலர் திரட்டினர். இதுவரை அவர் பெயரால் திரண்ட தொகை 80 கோடி கனடிய டாலருக்கும் அதிகம். வணிக விளம்பரத்துக்கு இடமில்லை, பரிசு இல்லை, போட்டி இல்லை. நம் சென்னையிலும் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாணவர்கள் இந்த ஓட்டத்தை நடத்தியிருக்கிறார்கள். கோப்பையில்லாமல் கூட்டம் சேராது, ஆலை இல்லாமல் அறம் நடவாது என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தில் சிலர் என்னைப் பார்த்துக் கேட்கக்கூடும்: "அமெரிக்காவுக்கு உபதேசம் இருக்கட்டும், இங்கே என்ன வாழ்கிறது?" நியாயமான கேள்விதான். என் மாணவனும் கேட்டிருந்தான். 1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் அரசுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியை விதித்தார். மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது. ஆனால் விற்பனை வரி போகவில்லை! 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2024-25 நிதியாண்டில் அதன் வழியே அரசுக்கு வந்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். நம் பிள்ளைகளின் மதிய உணவும் மிதிவண்டியும் எந்தக் கருவூலத்திலிருந்து வருகின்றனவோ அதே கருவூலம். ஆகவே நாம் பீடத்தில் ஏறி நின்று பேச இயலாது. எனினும் ஒரு வேறுபாட்டை அவனுக்குச் சுட்டினேன். பல வழிகளில் வந்து கலந்துவிட்ட பொதுக் கருவூலத்திலிருந்து ஏழை பெறுவது அவனுடைய உரிமை. அதில் அவனுக்குக் குற்றமில்லை. அதுபோலவே மினியாப்பொலிஸில் அந்த உணவுக் கூடத்தில் அரிசி வாங்கும் சோமாலியத் தாய்க்கும் குற்றமில்லை. அந்தப் பணம் எந்த வாசலில் திரண்டது என்று ஆராய்வது அவள் வேலையும் அன்று. நீயோ பெறுகிறவன் அல்லன்; கொடுக்கிறவன். எந்த வாசலில் நின்று கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதியை அல்லாஹ் உனக்குத் தந்திருக்கிறான்.

முடிவாக நான் எழுதியவை சில வரிகளே. "தம்பி, மூன்றாம் முறையும் காய்ச்சல் என்று சொல்லாதே. பொய் சொல்லி ஹராமைத் தவிர்ப்பது, சேற்றைக் கழுவச் சாக்கடையைத் தேடுவது. மேலாளர் அம்மாவிடம் நேரில் போய் உண்மையைச் சொல். நுழைவுக் கட்டணம் எவ்வளவோ, அதைப்போல் இருமடங்கை உணவுக் கூடத்துக்கு நேரே கொடுத்துவிட்டுப் போ. அப்போது எவரும் உன்னைக் கருமி என நினையார். மகனை ஓட அழைத்துச் செல். ஆனால் சின்னம் பொறித்த சட்டையை அணிந்து அவன் அந்த வாசலுக்கு ஓடவேண்டாம். பத்து வயதில் எந்த வாசலை நோக்கி ஓடி மகிழ்கிறோமோ, அது மனத்தில் நல்ல இடமாகப் பதிந்துவிடும்."

பதினைந்து நாட்கள் பதில் இல்லை. அவனுடைய உம்மாவைத் தெருவில் கண்டபோதெல்லாம் எனக்குள் ஒரு சங்கடம். பிள்ளையின் பிழைப்பில் கைவைத்துவிட்டோமோ என்ற அச்சம் வராமல் இல்லை. வெளிநாட்டில் வேலை என்பது நாம் இங்கிருந்து நினைப்பதைப்போல் கெட்டியான கயிறு அன்று என்பதை நானும் அறிவேன்.

பிறகு பதில் வந்தது. மேலாளர் அம்மையார் கேட்டுவிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருந்தாராம். "இதை முதலாண்டே சொல்லியிருக்கலாமே" என்றாராம். மறுநாள் பிரிவினரிடம், இவ்வாண்டு இடத்தை மாற்றலாமா என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார். இவன் பெயரைச் சொல்லவில்லை. முதலில் கையை உயர்த்தியவர், குழுவிலேயே மூத்தவரான ஓர் அமெரிக்கர். ஆறு ஆண்டுகளுக்கு முன் குடியை விட்டவர் அவர் என்பது அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த முற்றத்தில் கோப்பைகளுக்கு நடுவே, பற்களைக் கடித்துக்கொண்டு சோடாவைக் கையில் ஏந்தி நின்றிருக்கிறார். எவரிடமும் சொல்ல அவருக்கு நா எழவில்லை. இவனுக்காவது ஒரு மார்க்கம் இருந்தது சொல்வதற்கு. அவரிடம் அதுவும் இல்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, நகரின் ஏரியொன்றைச் சுற்றி ஓடினார்கள். அந்நகரில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு சுற்று ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். கட்டணமாக எடுத்து வைத்த தொகை முழுவதையும் உணவுக் கூடத்திடம் சேர்த்துவிட்டார்கள். அவன் மனைவி வீட்டிலிருந்து சமோசாவும் இஞ்சித் தேநீரும் கொண்டு போயிருக்கிறாள். சமோசா முதலில் தீர்ந்தது என்று பெருமையோடு எழுதியிருந்தான். ஓட்டம் முடிந்ததும் குழுவில் நான்கைந்து பேர் அருகிலிருந்த ஆலையொன்றின் அருந்தகத்துக்குப் போனார்களாம். அது அவர்கள் பாடு. மூத்த அமெரிக்கர் போகவில்லை. கரையில் அமர்ந்து இவனோடு இரண்டாம் கோப்பைத் தேநீர் குடித்திருக்கிறார்.

மகன், வாப்பாவுக்கு முன்னால் ஓடி முடித்துவிட்டானாம். விட்டுக்கொடுத்தாயா என்று கேட்டு எழுதினேன். இல்லை உஸ்தாத், மூச்சு வாங்கிவிட்டது என்று பதில் வந்தது.